ஒட்டாத கண்

வடக்கே, நாட்டின் தலைநகரில், மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. எழுபதுகளில் ஒரு மார்ச் மாதம் தம்பி பிறந்தான். அதே வாரம் என் கண் சிவந்தது. எனக்கு ஏழு வயது.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு பார்வையில் தீர்ப்புச் சொன்னாள்.

"மெட்ராஸ் ஐ! பச்சை உடம்புக்காரி இருக்கற எடம். கொழந்தையப் பாக்காதேடி, பாத்தாலே ஒட்டிக்கும்."

சீழ் இல்லை, அரிப்பு மட்டும்தான். யார் கேட்டார்கள்? தனித் தட்டு, தனித் துண்டு, பால்கனியில் ஒரு பாய். எதிரே கையெட்டும் தூரத்தில் மல்பெரி மரம் பூத்து நின்றது. காற்றடித்தால் அதன் தூள் பாயெல்லாம் படியும். கண்ணைக் கசக்குவேன். கசக்கக் கசக்க இன்னும் அரிக்கும். கீழே விளையாடும் பிள்ளைகள் "ஏ லால் ஆங்க்வாலி!" என்று என் செங்கண்ணைப் பார்த்துக் கத்துவார்கள். அப்பா ஆபீஸ் விட்டு வந்து எட்டிப் பார்ப்பார். "அச்சா, சரியாயிடும்" என்பார். அதோடு சரி. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தாலாட்டுவது கேட்கும். எனக்கில்லை.

பத்தாம் நாள் மதியம் அத்தை பால் பூத் வரிசைக்குப் போனாள். அம்மா அசந்து தூங்கினாள். நான் உள்ளே போய், இரண்டு கண்ணையும் நன்றாகக் கசக்கி, அந்த ஈரக் கையைத் தம்பியின் இமைகளில் தடவினேன். அவனுக்கும் வந்தால் அவனும் பால்கனிக்கு வருவான். அவன் வந்தால் அம்மாவும் வந்தாக வேண்டும்.

மூன்று நாள் கதவிடுக்கில் காத்திருந்தேன். அவன் கண் பளிச்சென்றே இருந்தது.

பெரியவளானபின் ஒரு கண் டாக்டர் சொன்னார். அது யாருக்கும் ஒட்டாதாம். மகரந்தம் பட்டால் சிலர் கண்ணில் ஹிஸ்டமின் என்று ஒன்று சுரக்கும், அதுதான் அரிப்பு. கசக்கினால் இன்னும் சுரக்கும். ஒட்டாத நோய்க்கு என்னை ஒதுக்கிவைத்தார்கள், அதுவும் அந்த மல்பெரி மரத்துக்கு எதிரே.

என்மேல் குற்றமில்லை என்பதற்கு அத்தாட்சி தம்பியின் கண்ணிலேயே இருந்தது. அது அன்று எனக்குத் தெரியவில்லை. என் நோய்க்குக்கூட அம்மா பக்கம் போக அனுமதி இல்லை என்றுதான் நினைத்தேன். அழுதேன். அழுத கண்ணை மறுபடி கசக்கினேன்.