மூன்று எண்ணினால்தான் நகரும் கார்

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மிஷின் மக்கர் செய்தாலும், அதை ஓட்டினவர்மேல்தான் முதல் சந்தேகம் போகும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எங்கள் கார் ஆட்டோமேட்டிக். என் மனைவி டீச்சர். காரமடையிலிருந்து டவுனில் உள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதில்தான் போய்வந்தாள். கியரை டி-யில், அதாவது முன்னால் போகிற கியரில், போட்டாலும் காலையில் வண்டி உடனே நகர்வதில்லை, கொஞ்சம் பொறுத்து ‘டொக்’கென்று உதறிக்கொண்டு கிளம்புகிறது என்று ஒருநாள் சொன்னாள்.

"கியர் விழறதுக்குள்ள ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பே" என்றேன். கியர்பாக்ஸையே காலி செய்துவிடுவாள் என்று சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அவள் பஸ்ஸில் போனாள். நான் எடுத்தபோதும் வண்டி அப்படித்தான் நின்று கிளம்பியது. அவள் ஏற்கெனவே கெடுத்துவைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

உக்கடத்தில் ஒரு பாய் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்ப்பார். "ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டுங்க. எஞ்சின் நல்லா ஆறுனாத்தான் கோளாறு தெரியும்" என்றார். எனக்கு அவர்மேலும் சந்தேகம். எதையாவது கழற்றி மாற்றிவிட்டால்? பேட்டரி, டயர், கிலோமீட்டர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தேன். பாய் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்கு லீவு. அவள் ஓட்டும் லட்சணத்தை பாய் வாயாலேயே கேட்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

பாய் எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்து, டி-யில் போட்டார். வாய்க்குள் எண்ணினார். மூன்றில்தான் உதறியது. ரிவர்ஸிலும் அப்படியே. எஞ்சின் சூடானதும் மறுபடி போட்டார், தாமதம் குறைந்திருந்தது. பிறகு கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தார்.

"அளவு சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா வேற ஆயில் கலந்திருக்குது. அது கெட்டி. அதனாலதான் காலையில கியர் பிடிக்க நேரமாகுது. யாருங்க ஊத்துனது?"

"இவ ஓட்டறதால வந்ததில்லீங்களா பாய்?"

"ஓட்டறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அப்ப சர்வீஸ்ல ஊத்தியிருப்பானுங்க. திருட்டுப் பசங்க."

"இல்லீங்க" என்றாள் அவள், மெதுவாக. "பட்டறையில பேரிங் அழுத்தற பிரஸ்ஸுக்கு வாங்குன ஆயில் மீதி இருக்குதுன்னு நீங்கதான் கொண்டாந்து ஊத்துனீங்க. தீபாவளி லீவுல."

ஆமாம். வண்டிக்கடியில் ஆயில் சொட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஆயில்தானே என்று ஊற்றியவன் நான்தான். அந்த நிமிடம்வரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பாயின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

பாய் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, ஓட்டிப் பார்த்து, இன்னொரு தடவையும் மாற்றினார். ஒழுகின இடத்தையும் அடைத்தார். திங்கட்கிழமை காலை வீட்டில் டி-யில் போட்டதுமே வண்டி பிடித்தது.

"நான் ஆயில் ஊத்துனதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல, அம்மணி?" என்றேன்.

"நீங்க சாவியைத்தானுங்க கேட்டீங்க. என்னை எதுவும் கேக்கலீங்களே."

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கு வேற என்ன கெட்டாலும் நான்தான் பதில் சொல்லோணும். பஸ்லயே போய்க்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.