மாமனார் தொடாத அடுப்பு

ஊத்துக்கோட்டைப் பக்கம் பயிர் வைத்துக்கொண்டிருந்த என் மாமனார், இரண்டு வருடமாகக் கும்மிடிப்பூண்டியில் எங்களோடு இருக்கிறார். நான் சமைக்கும்போதே வந்து அடுப்பை அணைத்துவிடுவார். கேஸ் வீணாகிறதாம். சாதம் பாதி வேக்காட்டில் நிற்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இனிமே அடுப்ப தொடாதீங்க மாமா" என்று கத்திவிட்டேன்.

மறுவாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் பால் பொங்கி, நெருப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். மாமனார் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஓடிப்போய் கேஸை மூடினேன்.

"நாத்தம் வரலியா மாமா?"

"வந்திச்சிமா. நீதான தொடக்கூடாதுன்னு சொன்ன."

இப்போது பால் காயும்வரை நான் நகர்வதில்லை. அவசரத்துக்கு, "கொஞ்சம் அணைச்சிடுங்க மாமா" என்று கேட்டும் பார்த்துவிட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.