அரை மணி முன்னால் ஓடிய கம்ப்யூட்டர்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, மகள், முந்தின நாள் கெடார் கிராமத்திலிருந்து ஒரு பை மல்லாட்டையோடு வந்திருந்த என் அக்கா. வேறு யாரும் படியேறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று காலை முழுக்கப் புலம்பியது நான்தான்.

மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங். பிடித்த கல்லூரிகளை வரிசைப்படி பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. பத்து நாள் உட்கார்ந்து அவள் அடுக்கிய நாற்பது கல்லூரிப் பட்டியல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

பாஸ்வேர்டு அடித்தாள். திரை கறுத்தது, உள்ளே இருக்கும் நீலப் படம் ஒரு நொடி தெரிந்தது, மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

“தப்பா அடிக்கிற. பொறுமையா அடிம்மா.”

“தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லும்ப்பா. இது உள்ள வுட்டுட்டு வெளிய தள்ளுது. ராத்திரி ஒம்போதுக்கு மேலதான் இப்டிப் பண்ணும், இன்னைக்குக் காலைலயே பண்ணுது.”

ராத்திரியில் பெட்டி சூடாகிவிடும், அதனால்தான் வேலை செய்யாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தவன் நான். ஆகவே மேஜை ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்தேன். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். கரண்ட் போதவில்லையோ என்று ஃபிரிட்ஜை அணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தப்பென்றால் உள்ளே விடக் கூடாது, சரியென்றால் வெளியே தள்ளக் கூடாது. எட்டாவதோடு நின்றவனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

“யாராச்சும் தொட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அதும்மேல தூசி தட்டக்கூட நான் கிட்ட போறதில்ல. நீ மொதல்ல தள்ளு, புள்ளைக்கு வழிய வுடு,” என்றாள் மனைவி.

“எம் மாமியார் மாதிரியே கீது. வா வான்னு கூப்டும், உள்ள கால வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கும்,” என்றாள் அக்கா, மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டபடி. மகள் சிரிக்கவில்லை.

திரையில் மணி 9.50. சுவர்க் கடிகாரத்திலும் 9.50. மணியாவது ஒழுங்காக இருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் சுவர்க் கடிகாரம் எப்போதும் அரை மணி முன்னால் ஓடும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் அரிசி மில்லுக்கு ரயிலில் போகிறவன் நான். ரயில் போய்விடுமோ என்ற பயத்தில் நானே தள்ளி வைத்தது. வீட்டில் எல்லோரும் அரை மணியைக் கழித்துத்தான் நேரம் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டரை விற்ற விழுப்புரம் கடைக்காரருக்குப் போன் போட்டேன். “பாக்காம சொல்ல முடியாதுண்ணே, கடைக்கு எடுத்தாங்க,” என்றார். பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். மகள் ஜன்னல் பக்கம்.

முண்டியம்பாக்கம் தாண்டும்போது கேட்டேன். “பட்டியல் அழிஞ்சிருந்தா ஞாபகத்துல கீதாம்மா?”

“பேசாம வாப்பா.”

“மொத பத்தாச்சும்?”

“அப்பா.”

கடையிலும் அதே கறுப்பு, அதே நீலம், வெளியே. கடைக்காரர் தன் பாஸ்வேர்டில் நுழைந்து திரையின் மூலையைப் பார்த்தார்.

“அண்ணே, உங்க வூட்ல நாளைக்கே வந்துடுச்சா?”

அடுத்த நாள் தேதி காட்டியது. நள்ளிரவு 12.15. வெளியே வெயில் கொளுத்தியது.

“மணிய யாரு மாத்துனது? மாத்தணும்னா உங்ககிட்ட மட்டும் குடுத்த பாஸ்வேர்ட கேக்குமே.”

விடிகாலையில் எல்லோரும் தூங்கும்போது நான்தான் மாற்றினேன். கடைசி நாள், பிள்ளை நேரத்தைத் தவறவிட்டுவிடப் போகிறாளே என்று, சுவரில் இருந்த ஆறரையை அப்படியே கம்ப்யூட்டரிலும் வைத்தேன். மணி திருத்துவது தொடுவதில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையா மாலையா என்று அது கேட்டதையும் கவனிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் அதையெல்லாம் கேட்பதில்லை.

“மணி தப்பா இருந்தா வெளிய தள்ளுமா?” என்றேன், இன்னும் புரியாமல்.

“நீங்கதாண்ணே போன வருசம் பூட்டு போடச் சொன்னீங்க. பாப்பா ராத்திரில படம் பாக்குது, ஒம்போதுக்கு மேல வெளிய தள்ளுற மாதிரி பண்ணுங்கன்னு. அது அதோட வேலையப் பாத்துக்கினு கீது.”

பூட்டு எனக்கு நினைவில்தான் இருந்தது. அது ராத்திரிக்குப் போட்டது, இது காலை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

மகள் மெதுவாகத் திரும்பினாள். “சூடாவுதுன்னு சொன்ன?”

நான் சாக்கை மடித்தேன்.

மணியைத் திருத்தியதும் உள்ளே விட்டது. நாற்பது கல்லூரியும் அப்படியே இருந்தன. கடையிலேயே உட்கார்ந்து பதிவு செய்து முடித்தாள். அப்போது மணி ஒன்றரை. என் மணி இல்லை, கடைக்காரருடைய மணி.

“அந்தப் பூட்டையும் எடுத்துடுங்கண்ணா,” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

கூலி இருநூறு. பஸ்ஸுக்கு எடுத்து வைத்தது போக நூற்றிருபதுதான் கொடுக்க முடிந்தது. கடை மில்லுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. நாளைக்கே வந்துடுச்சா என்று மறுபடி கேட்பாரோ என்று பின்தெரு வழியாகவே போய்வருகிறேன். இன்னும் எண்பது ரூபாய் தர வேண்டும்.