கிறுகிப் போகாதது

கல்முனைக் கடைத்தெருவில் போன் திருத்துகிற கடையொன்றில் நாமே பூட்டிச் செய்யும் ரோபோப் பெட்டிகள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் வாப்பாவின் ரேடியோவைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் அடி வாங்கியவள் நான். பிறகு கல்யாணம், பிள்ளைகள், தையல் மெசின். எனக்கென்று, சும்மா விளையாடுவதற்கென்று, ஒரு சாமான் வாங்கியதே இல்லை.

கடைக்காரர் நிமிராமலே கேட்டார்.

"புள்ளைக்கு எத்தின வயசு?"

"முப்பத்தெட்டு."

இப்போது நிமிர்ந்தார். "உங்களுக்கா?"

"ஓம், எனக்குத்தான். காட்டுங்க."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது முன்னால எதையும் கண்டா கிறுகிப் போயிரும். மத்தது, தரையில கறுப்புக் கோடு போட்டா அதையே புடிச்சுப் போகும். எது வேணும்?"

எங்கள் பக்கத்தில் கிறுகுவதென்றால் திரும்புவது. வேலையைக் கண்டால் கிறுகிப் போகிற ஒருவர் பதினாறு வருடமாக என் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பெட்டரிகூடத் தேவையில்லை. கோட்டைப் பிடித்துப் போவதையே வாங்கினேன். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றார் கடைக்காரர்.

அந்தக் கடைசி வசனத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"திருப்பிக் குடு புள்ள. இந்த வயசில விளையாட்டுச் சாமானா? ஊரு சிரிக்கும்."

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொண்டு வந்து குடியிருப்பவர் அவர்தான். 'என்ட ஊட்டில என்ட சாமான்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அழுகையும் வந்தது, அதையும் விழுங்கினேன்.

"இஞ்சாருங்க, இது உங்களுக்கு ஒரு வேல செஞ்சு தந்தா?"

அவர் யோசித்தார். "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வந்து நான் படுத்துக் கிடக்கக்குள்ள, குசினியில இருந்து ஒரு பேரீச்சம்பழம் கொண்டு வந்து தரட்டும். தந்தா இருக்கட்டும். இல்லாட்டி அண்டைக்கே கடைக்கு."

நான்கு நாளாக, ஊரார் தைக்கத் தந்த சட்டைகளெல்லாம் அப்படியே கிடந்தன. முதலில் வயரை மாற்றிப் பூட்டிவிட்டேன். அது பின்பக்கமாகப் போய் கேஸ் சிலிண்டரில் முட்டி நின்றது. வியாழக்கிழமைதான் ஒழுங்காக ஓடியது. குசினி வாசலிலிருந்து அவர் படுக்கும் முன்மண்டபம்வரை வெள்ளை டைல்ஸில் கறுப்பு டேப் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை சோறு தின்றுவிட்டு வந்த மனிசன் என்ன செய்தார் தெரியுமா? டேப்பின் மேலேயே, குசினிப் பக்கம் காலை நீட்டி, வெறுந்தரையில் நிமிர்ந்து படுத்தார்.

"இப்ப வரச் சொல்லு பாப்பம்."

கோட்டை மறைத்தால் அது எங்கே போகும்? பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை அதன் முதுகில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

உறுமிக்கொண்டு வந்தது. அவர் கிட்டே வந்ததும் டேப் முடிந்துபோனது. ஆனால் அவர் இடுப்பில் உடுத்திருந்தது மருதமுனைக் கைத்தறிச் சாரன். வெள்ளையில் விரலகலக் கறுப்புக் கோடுகள். காலடியில் விரிந்து கிடந்த துணியில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அது நேரே மேலே ஏறத் தொடங்கியது. முழங்கால் வந்ததும் ஏற முடியாமல் சுற்றிய சில்லு சாரனைச் சுருட்டி இழுக்கத் தொடங்கியது.

"அல்லாஹ்வே! நிப்பாட்டு புள்ள, சாரன் போகுது!"

மகள்மார் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினார்கள். நான் சிரித்த சிரிப்பில் சுவிட்ச் எங்கேயிருக்கிறதென்றே மறந்துபோனது. பேரீச்சம்பழம் உருண்டு அவருடைய கைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"கொண்டு தந்துட்டுது" என்றேன்.

ஒரு கையால் சாரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பழத்தை எடுத்து வாயில் போட்டார். மென்று விழுங்கினார். "சரி, கிடக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கடைத்தெருவுக்குப் போனார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தானோ? ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். பெட்டி இருந்தது. அவர் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு பெட்டி.

"ஆளக் கண்டா கிறுகிப் போற ஒண்டும் இருக்காமே. நமக்கு அதுதான் தோது."

"அது ஊட்டில முந்தியே ஒண்டு இருக்கே" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை. என் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.