துருவுக்கு ஒரு தள்ளுவண்டி

வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் அளவு சொல்வதோடு நிறுத்திக்கொண்டால், இதைப் போல நிம்மதியான தொழில் வேறு இல்லை. கடையோ பட்டறையோ வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேலையைக் கொடுத்துவிட்டு, அது முடிகிறவரை பக்கத்தில் நின்று பேசுவார்கள். நம் கை வேலையில் மாட்டியிருக்கும், எழுந்து போக முடியாது. அப்படி நான் கேட்டுக்கொண்டதில், எங்கள் வீட்டுப் பூனை சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தொட்டில் ஸ்டாண்டு

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில் என் பட்டறை. நானும் அந்தோணி அண்ணனும் இரண்டே பேர். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வோம். தொண்ணூறுகளில் தொட்டில் ஸ்டாண்டுக்கும் நல்ல கிராக்கி இருந்தது. அதை மட்டும் அந்தோணி அண்ணனே செய்துவிடுவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் மனைவி செல்விக்கு மூன்று தடவை கரு உண்டாகி மூன்றும் கலைந்துவிட்டது. மூன்றாவது தடவை, உயிருக்கே ஆபத்து, இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அந்த வருடம்தான் பட்டறையில் குழாய் அடுக்கியிருந்த மூலையில் ஒரு பூனை குட்டி போட்டது. மற்றக் குட்டிகளையெல்லாம் கவ்விக்கொண்டு போன தாய், ஒன்றை மட்டும் எடுக்க வரவே இல்லை. பழைய தகரத்தின் நிறத்தில் இருந்ததால் அந்தோணி அண்ணன் அதற்குத் 'துரு' என்று பேர் வைத்தார். செல்வி அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தாள்.

அதே வாரம் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம். அண்ணன் அன்றைக்கு லீவு. ஸ்டாண்டை நானே செய்தேன். அவர் அதை ஆட்டிப் பார்த்தார், தொங்கிப் பார்த்தார், திருப்தியாகச் சிரித்தார்.

"அடுத்தவுக வீட்டுக்கே இம்புட்டு அழகா செய்றீங்களே, உங்க வீட்டுக்கு எம்புட்டு அழகா செஞ்சு வச்சிருப்பீங்க."

கேட் விழுந்த நாள்

தினமும் நாலு மணிக்குச் செல்வி பிளாஸ்கில் டீ கொண்டுவருவாள். துரு வாலைத் தூக்கிக்கொண்டு, வீட்டிலிருந்து இரண்டு தெருவும் அவள் பின்னாலேயே வரும். அவள் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்காருவாள், அது அவள் காலடியில் உட்காரும். டீ முடிந்ததும் இரண்டு பேரும் வந்த மாதிரியே திரும்பிப் போவார்கள். ஏழு வருடம் இப்படி.

அன்றைக்கு ஒரு பெரிய வீட்டுக்கு எட்டடி கேட் முடித்துச் சுவரில் சாய்த்திருந்தேன். கயிறு போட்டுக் கட்டவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். செல்வி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டின் அடிப்பக்கம் வழுக்கி, அப்படியே சரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனையின் இடுப்பு அடியில் மாட்டிக்கொண்டது. நானும் அண்ணனும் தூக்கினோம். துரு கத்தவே இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில், உயிருக்கு மோசமில்லை, பின்னங்கால் இரண்டும் இனி வராது என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் செல்வியிடம் சொன்னேன், "கட்டாம விட்டது நாந்தான்." அவள் பூனையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

மறுநாள் கேட்டுக்கு ஆர்டர் கொடுத்த வீட்டுக்காரர் வந்தார். நடந்ததை அண்ணன் சொல்ல, உச்சுக் கொட்டிக் கேட்டார். பிறகு கேட்டின் கம்பிகளை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"பாவந்தான். விழுந்ததுல எங்கயும் வளைஞ்சிரலையே?"

இரண்டு ஜோடிச் சக்கரம்

நாலு மணி ஆனால் துரு முன்னங்காலை ஊன்றி வாசற்படிவரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். விட்டுவிட்டு வர மனசில்லாமல் செல்வி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பிளாஸ்கோடு வருவாள். நல்ல கனத்த பூனை. ஒரு மாதத்தில் அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வண்டி செய்து தருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டடி கேட் செய்கிற கை, ஒரு பூனை வண்டிக்குத் திணறியது. முதலில் சதுரக் குழாயில் செய்தேன். பூனையைவிட வண்டி கனத்தது. அதை ஒதுக்கிவிட்டு மெல்லிய ராடை வளைத்துச் சட்டம் கட்டி, காய்கறி போடுகிற பிளாஸ்டிக் கூடையை அதில் உட்கார வைத்தேன். இரும்புப் பேரிங் சக்கரம் போட்டு ஓட்டிப் பார்த்தால், அந்தச் சத்தத்தில் துரு நடுங்கிப்போய்க் கூடைக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டது. ரப்பர் சக்கரம்தான் சரி என்று முடிவானது.

கைப்பிடி எவ்வளவு உயரம் என்று பார்க்கச் செல்வியை நிற்கச் சொன்னேன். எதையோ தள்ளுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வெறும் தரையைக் குனிந்து பார்த்தபடி நின்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. டேப்பைப் பிடித்த நான் அளவைப் பார்க்க மறந்துவிட்டு, இன்னொரு தடவை நிற்கச் சொன்னேன்.

சக்கரத்துக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைந்துபோன குழந்தைச் சைக்கிள்களிலிருந்து இரண்டு ஜோடி எடுத்தேன். பிள்ளைக்கு என்ன வயது என்று கடைக்காரர் கேட்டார். பூனை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு என்றேன். அவர் சக்கரத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"ஏழு வயசுப் புள்ளைக்கு இம்புட்டுக்காணு சக்கரம் பத்தாதே அப்பு."

தாழ்ப்பாள் மாற்ற வந்த அம்மா

செல்வி வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தாள். உள்ளே தன் பழைய சேலையை மடித்துப் போட்டிருந்தாள். வெயிலுக்கு மேலே ஒரு துண்டு. துண்டுதான் வினையாகிப்போனது. எதிரே வருகிறவர்கள் குழந்தை என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு துண்டை விலக்குவார்கள். பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று தெரியாது. அதையெல்லாம் செல்வி என்னிடம் சொல்லவில்லை, பட்டறை வாசலிலிருந்து நானே பார்த்ததுதான். நடுவே சில நாள் வராமல் இருந்தாள். பிறகு துண்டு இல்லாமல் வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், கேட் தாழ்ப்பாள் மாற்ற ஒரு அம்மா வந்திருந்தார். புதிதாகக் குடிவந்தவர். நான் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு பெண் பூனையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை அவர் கதையாகச் சொன்னார். அது என் சம்சாரம் என்று சொல்ல ஒரு வரி போதும். நான் ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மா நிறுத்தவில்லை.

"நல்லா லட்சணமாத்தான் இருக்கா. பெத்தது எதுவும் போயிருச்சோ என்னமோ, புத்தி பெசகிப்போச்சு."

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் முழுக்க அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வியைக் கிளம்பச் சொன்னேன். வண்டியை நான் தள்ளினேன். கடைத்தெரு வழியாக மலைக்கோட்டை அடிவாரம்வரை போனோம். செல்வி முதலில் இரண்டடி பின்னால் வந்தாள், பிறகு பக்கத்தில் வந்தாள். துரு கூடையின் விளிம்பில் முன்னங்காலை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தது.

எதிரில் நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர். அவர் தோப்புக்கு நான்தான் கேட் போட்டேன். வண்டியை நிறுத்தினேன். "இது எங்க வீட்டுப் பூனை. என்னாலதான் கால் போயிருச்சு. இது என் சம்சாரம், இதுக்கு அம்மா" என்றேன். அவர் கேட்காமலேயே சொன்னேன். செல்வி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் குனிந்து சக்கரம், சட்டம், கைப்பிடி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"எங்க ஆத்தா படுக்கையில விழுந்து ஆறு மாசமாச்சு. கொஞ்சம் பெருசா இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?"

பிரித்தது

அதற்குப் பிறகு துரு இரண்டு வருடம் இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, செல்வியின் மடியிலேயே போய்விட்டது. வண்டி வீட்டு நடையில் நின்றது. பக்கத்து வீட்டில் காய் வாங்கப் போக அதைக் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை.

மறுநாள் நாலு மணிக்கு, பிளாஸ்க் இல்லாமல், காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தெருவே பார்த்திருக்கும். "இதுல வெங்காயம் தக்காளி போறத என்னால பாக்க முடியாது. பிரிச்சிருங்க" என்றாள். வைத்துவிட்டுப் போ, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "நீங்க செய்ய மாட்டீங்க. நான் நிக்கிறப்பவே பிரிங்க" என்று சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

கட்டிங் மிஷினை எடுத்தேன். கைப்பிடியில் ஆரம்பித்தால் முடியாது என்று சக்கரத்தின் பக்கம் போனேன். நான் வைத்த வெல்டிங் பற்று ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாதியில் ராடு தெரியவில்லை, தீப்பொறிதான் தெரிந்தது. அந்தோணி அண்ணன் வந்து மிஷினை நிறுத்தினார். தன் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"போட்டுக்க தம்பி. அந்தப் புள்ள ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நிக்குது."

வெல்டிங்காரன் கண் சிவந்திருந்தால் ஏன் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை, இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே வசதி அதுதான்.