லாகோஸ் நெரிசலில் சொன்ன வெங்காய லொறிக் கதை

1. போர்ட் எரிந்த நாள்

ஓடவிட்ட முதல் நாளே மெஷின் எரிந்தது. லாகோஸில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலை. துண்டு துண்டாக வந்த போத்தல் நிரப்பும் மெஷினைப் பூட்டி, ஒரு வருடம் கூடவே நின்று ஓட்டிக் கொடுக்கும்படி ஜேர்மன் கொம்பனி என்னை அனுப்பியிருந்தது. கரண்ட் போய், ஜெனரேற்றர் பிடித்து, திரும்பக் கரண்ட் வந்த கையோடு கொன்ட்ரோல் போர்ட் புகைந்தது. ஜேர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் ஜேர்மன் மொழியில் கேட்டதையும், பிறகு மற்றவர்கள் இங்கிலிஷில் பேசியதையும் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"வோல்ற்றேஜை அளந்தனீரோ?"

"அளந்தனான். அளக்கேக்க சரியாத்தான் இருந்தது."

"அப்ப ஏன் எரிஞ்சது?"

"அங்கயிருந்து கேட்டா விளங்காது. வந்து பாருங்கோ."

அவர் வரவில்லை. வேறு யாரும் வரமாட்டோம் என்றதால்தான் ஓய்வுக்குக் கிட்டின என் தலையில் கட்டினார்கள். மாற்றுப் போர்ட் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. அட்டமத்துச் சனி கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

2. பாலத்து நெரிசல்

அந்த நகரம் என்னை மிரட்டியது. மஞ்சள் வான்களில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிறார்கள். நிற்கிற கார்களுக்கு நடுவே இடுப்புப்பட்டி, வறுத்த வாழைக்காய், நாய்க்குட்டி என்று எல்லாம் விற்பனையாகிறது. ஹோர்ன் சத்தமும் ஜெனரேற்றர் புகையும் அறைக்குள்ளும் வரும். கட்டிலில் குந்தியிருந்து ஒருநாள் வாய்விட்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இன்னொரு விசித்திரம், எல்லோரும் என்னை ஜேர்மன்காரர் என்றார்கள். பீலெஃபெல்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என்னோடு வேலை செய்த எலெக்ட்ரீஷியன் பெயர் டுண்டே. நல்ல கை. தினமும் அவன்தான் என்னைக் காரில் ஏற்றிப் போவான். என்னை "ஓகா" என்பான். அங்கே முதலாளிமாரை அப்படித்தான் அழைப்பார்கள். பாலத்து நெரிசலில் ஒருநாள் கார் அசையாமல் நின்றபோது கேட்டான்.

"ஓகா, நீங்கள் ஜேர்மனிக்கு எப்பிடிப் போனனீங்கள்?"

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார்கள் என்று ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகள் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய பகிடிக் கதை இருக்கிறது. ஊர்ச் சண்டைக்குத் தப்பி மொஸ்கோவுக்கு வந்தது, ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன் வெங்காய லொறிக்குள் அடைத்தது, எல்லையில் பொலிஸ் கதவைத் திறந்தபோது வெங்காய நெடியில் நாங்கள் எல்லோரும் கண்ணீர்விட்டுக்கொண்டு நின்றது, பொலிஸ்காரன் இரங்கித் தேத்தண்ணி தந்தது. டுண்டே ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான்.

அந்த லொறியில் எங்களோடு வந்த, கரவெட்டி ஊர் ரவி மூச்சுமுட்டிச் செத்ததை நான் சொல்லவில்லை. கொண்டாட்ட வீடுகளில் அந்தப் பகுதியை நாங்கள் விட்டுவிடுவோம். விட்டு விட்டு, அது கதையிலேயே இல்லாமல் போய்விட்டது.

3. தெர்மீன்

பிறகு டுண்டே ஜேர்மனிக்குப் போவதைப் பற்றியே பேசினான். அவனை எப்படியாவது நேர்வழியில் எடுக்கலாம் என்று நம்பி மேலாளரைக் கேட்டேன். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எப்போதும் புலம்புகிற மனுஷன்.

"கெட்டிக்காரன் எண்டால் நல்லது. ஆனா சான்றிதழ் வேணும், ஜேர்மன் பாஷை வேணும். முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லும்."

டுண்டே தொழிலைத் தெருவோரக் கடையில் பழகியவன், சான்றிதழுக்கு எங்கே போவான்? ஆனாலும் விண்ணப்பிக்க முயன்றான். தூதரகத்தில் தெர்மீன், அதாவது போய்ப் பார்க்க ஒரு நாளும் நேரமும், கிடைக்கவேயில்லை. நான் வந்த காலத்தில் என்னிடமும் ஒரு கடதாசி இருக்கவில்லை. அகதி என்று கை தூக்கினேன், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து தொழில் படித்தேன். அந்தக் கதவு இவனுக்கு இல்லை.

"பொறு தம்பி, இன்னொருக்கால் முயற்சி செய்வம்," என்றேன்.

"நீங்கள் பொறுத்தனீங்களோ, ஓகா?"

 அடுத்த கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. பாலைவன வழியாக லிபியாவுக்குப் போகிற லொறியில் ஏறிவிட்டான் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். நான் அழைத்தபோது அவன் தொலைபேசி ஒருமுறை அடித்தது. அதன் பிறகு அடிக்கவேயில்லை.

4. வாசலில்

புதுப் போர்ட் வந்து, மெஷின் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம். டுண்டேயின் மனைவி பிசி, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் திட்டவில்லை, கதிரையில் அமர்ந்து தண்ணீர் குடித்தாள்.

"ஓகா, நீங்களும் லொறியில போனதெண்டு அவர் சொன்னவர். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உங்களோட வந்த எல்லாரும் போய்ச் சேர்ந்தவையோ?"

குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றேன். "எல்லாரும் சேர்ந்தனாங்கள்."

அவள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஜேர்மனிக்குத் திரும்பி பீலெஃபெல்டில் ஓய்வில் இருக்கிறேன். டுண்டேயைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கொம்பனிகள் இனி உங்களையும் வெளியே அனுப்பும், பிள்ளைகளே. போகும்போது நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள், போர்ட்டைக் காப்பாற்றும். அங்கே யாராவது, ஜேர்மனிக்கு உங்கள் ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்டால், ரவியிலிருந்து தொடங்குங்கள்.