தறப்பாளில் படித்த எழுத்துகள்

மாலைதீவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு நானும் என் சிநேகிதி யாழினியும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கம்தான் நேர்முகத்துக்கான பயிற்சிக்கூடம். அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன்.

ஆங்கிலத்தை எப்படிக் கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, கொட்டிலை மூட உதவி நிறுவனம் தந்த பிளாஸ்டிக் தறப்பாளில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளை அப்பா விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டியதைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது.

"இதைக் கட்டாயம் சொல்லடி" என்றாள்.

நேர்முகப் பரீட்சை கைபேசியில்தான். அவளுக்கு முதல்நாள், எனக்கு மறுநாள். அதே கேள்வி வந்தது. நான் சொல்லி முடித்ததும் அந்த அதிகாரி சிரித்தார்.

"நேற்றும் ஒருவர் இதையே சொன்னார். உங்கள் ஊரில் இதைப் பாடமாக்கித் தருகிறார்களா?"

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வேலை யாழினிக்குக் கிடைத்தது. நேரே அவள் வீட்டுக்குப் போய், என் கதையை ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"நானும் முகாமில இருந்தனான்தானே. தறப்பாள் எல்லாருக்கும்தானே தந்தவங்கள்" என்றாள், பெட்டியை அடுக்கிக்கொண்டே.

"தறப்பாள் எல்லாருக்கும்தான். விரல் என்ர அப்பாவின்ரயடி" என்றேன். அவள் பெட்டியை மூடினாள்.

ஆங்கிலம் எப்படிப் படித்தாய் என்று இப்போது யாராவது கேட்டால், ரியூசனில் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போன கிழமை அப்பா பக்கத்தில் இருக்கும்போதும் அப்படித்தான் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.